சத்தம் இறங்கும் இடம்

என் கணவர் காப்பியடித்துப் பிழைத்தவர். நான் காப்பியடிக்கும் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்து வகுப்புக்கு வெளியே நிறுத்தும் டீச்சர். பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் இதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

குன்னத்துகால் சந்திப்பில், உரக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் அவர் ஒரு வீடியோ கேம் கடை நடத்தினார். சுவரோரம் வரிசையாக டிவிகள், ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிறத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி. மேல்மூடியைத் திறந்து டிஸ்க்கை உள்ளே வைக்கிற பழைய வகை. அங்கே ஓடிய டிஸ்க்குகளில் கம்பெனி அடித்தது என்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் நகலெடுத்தவை. பள்ளி விட்டதும் என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் கிடப்பார்கள். நான் பஸ் பிடிக்க அந்த வழியாக நடந்தால் தலையை மட்டும் வெளியே நீட்டி, "எட்டி, ஒரு சாய குடிச்சிற்றுப் போ" என்பார்.

'அடியே' என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்த 'எட்டி' எனக்கு ஆகாது. வீட்டில் வைத்துச் சண்டை போடுவேன். "ஜங்ஷன்ல வச்சு என்னைய எட்டி எட்டின்னு கூப்பிடாதீங்க. புள்ளைய எல்லாம் எனக்க முகத்தப் பாத்துச் சிரிக்குது."

"பின்ன டீச்சரேன்னு கூப்பிடணுமாக்கும்? வீட்டிலயும் அட்டெண்டன்ஸ் உண்டோ?" என்பார். அத்தோடு என் சண்டை முடிந்துவிடும். மறுநாள் மறுபடியும் எட்டி.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. பிள்ளைகள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அவர் டிவிகளையும் பெட்டிகளையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, வீடுகளுக்குக் கேமரா மாட்டும் வேலைக்குப் போனார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, காஞ்சிரங்குளம் என்று ஏணியும் ஒயருமாக அலைந்தார். வீட்டில் வைத்திருந்த ஒரு பெட்டியை மட்டும் விற்கவில்லை. அது அவருடைய அக்கா வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

போன வருடம் ஓணம் கழிந்த சமயம், ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய வலதுகை சொன்னபடி கேட்கவில்லை. பேச்சும் போயிருந்தது. முழுதாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"அதாக்கும்."

எங்கள் ஊரில் எந்தப் பேச்சின் வாலிலும் ஓர் 'ஆக்கும்' ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு வால் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றால் அதாக்கும். வேண்டாமா என்றாலும் அதாக்கும். மழை வருகிறது, ஜன்னலைச் சாத்து என்பதற்கும் அதே சொல்தான். முகத்தைப் பார்த்து நான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருடம் பேசிப் பேசியே என்னை ஜெயித்த மனிதர் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவேன்.

பயிற்சி கொடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெண் வருவாள். மலையாளத்தில்தான் பேசுவாள். "ஆதியத்தெ மாசங்ஙளாணு சேச்சி முக்கியம்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். கையிலும் நாக்கிலும் திரும்பி வரக்கூடியதை முதல் சில மாதங்களில் கெஞ்சிக் கொஞ்சி அழைத்துவிட வேண்டும், அப்புறம் கடினம் என்றாள். களிமண் உருண்டை பிசையச் சொன்னாள். துணிக்கிளிப்பை அமுக்கித் திறக்கச் சொன்னாள். கிண்ணத்தில் கிடக்கும் பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் இடதுகையால் தள்ளிவிட்டார். பேசுவதற்கும் முயற்சி செய்யவில்லை. வாயைத் திறந்தால் அந்த ஒரே சொல்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த வெட்கம் முகத்தில் தெரிந்தது.

"அண்ணனு இஷ்டமுள்ள எந்தெங்கிலும் கொடுக்கூ" என்றாள் அந்தப் பெண். அவருக்குப் பிடித்த ஏதாவது வேண்டும். வேண்டும் என்று அவருக்கே தோன்றினால்தான் கை நீளும்.

அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடதுகையை மேலே நீட்டி, "அதாக்கும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஏணி வைத்து ஏறி, தூசியில் தும்மித் தும்மி, அந்தப் பெட்டியை இறக்கினேன். கூடவே டிஸ்க்குகள் வைத்த பழைய பிஸ்கட் டின்னும் வந்தது. அதில் கம்பெனி டிஸ்க் ஒன்றே ஒன்று, மற்றவை நகல். நகல்களில் ஒன்றை அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு ரொம்பப் பிடித்த கார் பந்தய விளையாட்டு.

நகலைப் பெட்டி ஏற்காது என்பது எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரவழைத்து, இரண்டு டிஸ்க்குகளை என் கையில் கொடுத்தார். கம்பெனி டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு, நகலின் அடிப்பக்கம் வெள்ளி. "டீச்சர் சொல்லணும். பெட்டி எப்படியாக்கும் நகலக் கண்டுபிடிக்குது?"

"கறுப்புதான்" என்றேன்.

"இங்க உள்ள எல்லாவனும் அதத்தான் சொல்லுவான். ஒருத்தன் அவனுக்க அக்காளுக்க கண்மைய எடுத்து டிஸ்க்கு முழுக்கத் தேச்சுக் கொண்டு வந்தான். எனக்க லென்சு எல்லாம் மை. கறுப்பு சும்மா சாயமாக்கும்."

விஷயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. கம்பெனி டிஸ்க்கின் உள்வட்டத்தில், விளையாட்டு ஆரம்பிப்பதற்கு முந்திய பகுதியில், தடம் ஒழுங்காக ஓடாது. வேண்டுமென்றே இம்மியளவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவில் நான்கு எழுத்துகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டிஸ்க் உண்மையானது, இன்ன பிரதேசத்தில் விற்றது என்பதற்கு அதுதான் அடையாளம். தடத்தைத் தொடர்ந்து போகிற லென்ஸ் அந்த நெளிவை உணர்ந்தால்தான் பெட்டி விளையாட்டைத் திறக்கும். நகலெடுக்கிற கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்ளும், தடத்தின் நெளிவை மட்டும் எடுக்காது. எடுத்தாலும் எழுத இடமில்லை. வெற்று டிஸ்க்குக்கு அதன் தடம் தொழிற்சாலையிலேயே போட்டு வந்துவிடுகிறது.

எனக்கு இது சட்டென்று விளங்கியது. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் விடையைப் புள்ளி பிசகாமல் எழுதிவிடும். அந்தப் பிள்ளையின் கையெழுத்தை எழுத முடியாது. நான் பிடிப்பதும் அப்படித்தான். இதைச் சொன்னதும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

கடைப் பெட்டிகளில் அவர் ஒரு சின்னச் சிப்பைப் பற்றவைத்திருந்தார். எந்த டிஸ்க்கைப் போட்டாலும் சிப் அந்த நான்கு எழுத்தைப் பெட்டியின் காதில் ஓதிவிடும். பெட்டியும் நம்பிவிடும். ஆனால் பிறகு வந்த சில விளையாட்டுகள் கெட்டிக்காரத்தனம் செய்தன. எழுத்து வரவே கூடாத நேரத்தில் அவை காது கொடுத்துக் கேட்டன. பழைய சிப் விவரமில்லாமல் ஓதிக்கொண்டே இருந்து மாட்டிக்கொண்டது. அதுவும் எனக்குப் பழக்கப்பட்டதுதான். இந்த மனிதர் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, நான் கேட்காமலே, "இன்னைக்கு பீடி ஒண்ணும் குடிக்கல, கேட்டியா" என்பார். சட்டையை மோந்து பார்க்கும் வேலை எனக்கு மிச்சம்.

வீட்டுப் பெட்டிக்கு அவர் சிப் வைக்கவில்லை. அத்தான் ஆசையாகத் தந்ததைக் குத்திக் கீற மனம் வரவில்லை. அதில் நகலை ஓட்ட வேறொரு வித்தை வைத்திருந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னவோ செய்வார், கார் சத்தம் கேட்கும். நான் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தால் அந்த விளையாட்டை நான் மதித்ததாக ஆகிவிடுமே.

அந்த வீம்புக்கு இப்போது அனுபவித்தேன். டிவியில் ஒயரைச் செருகி நகலைப் போட்டதும், சரியான டிஸ்க்கைப் போடு என்று திரையில் எழுத்து வந்தது. கம்பெனி டிஸ்க்கைப் போட்டேன். அது அவருக்குப் பிடிக்காத ஏதோ பந்து விளையாட்டு. தலையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி நகலைப் போட்டேன், மறுபடியும் அதே எழுத்து.

அவர் இடதுகையைத் தூக்கினார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, காற்றில் ஒரு உரசு உரசினார். "அதாக்கும்" என்றார்.

தீக்குச்சி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பீடியா? ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது காதுல கேக்கலியா? இந்தக் கோலத்துல கெடந்துகிட்டுப் பீடி கேக்குதா ஒங்களுக்கு?"

"அதாக்கும்... அதாக்கும்..." தலையை வேகமாக ஆட்டினார். இல்லை என்கிறார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு ஆமாம் என்று தோன்றியது.

வீட்டில் இருந்த தீப்பெட்டியை எல்லாம் அரிசி வைக்கும் தகர டின்னுக்குள் போட்டு மூடினேன். அடுப்புக்கு லைட்டர் இருந்தது. அது குத்துவிளக்குத் திரியில் பற்றாது. அதனால் அந்தி நேரத்தில் அடுப்பில் ஒரு காகிதத்தைப் பற்றவைத்து, கையால் மறைத்துக்கொண்டு பூஜை அறைக்கு ஓடுவேன். பாதி நாள் வழியிலேயே அணைந்துவிடும். அவர் கட்டிலிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாளும் அதே சைகை காட்டினார். அதற்கு அடுத்த நாளும் காட்டினார். நான் கத்தினேன். அப்புறம் அவர் காட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 'அதாக்கும்' என்பதும் நின்றுபோனது.

பயிற்சிக்கு வந்த பெண் வலதுகை விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு முகம் வாடினாள். முன்பைவிட இறுகியிருக்கிறது என்றாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பீடி கேட்டார், கொடுக்கவில்லை என்றேன். நான் செய்தது சரி என்றுதான் அவளும் சொன்னாள். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோடு பேசுவதற்கு மிஞ்சியிருந்த ஒரு சொல்லையும் நானே பிடுங்கிவிட்டது போல இருந்தது.

ஒரு சாயங்காலம் மழைக்காற்று அடித்தது. அடுப்பிலிருந்து காகிதத்தைக் கொண்டுவரக் கொண்டுவர அணைந்தது. சலித்துப்போய் அரிசி டின்னைத் திறந்து தீப்பெட்டியை எடுத்து விளக்கேற்றினேன். பெட்டியை விளக்கடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் என் பக்கத்தில் நின்றார். கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். தீப்பெட்டி அவருடைய இடதுகையில் இருந்தது.

பிடுங்கப் போனேன். அதற்குள் பல்லால் பெட்டியைத் திறந்து ஒரு குச்சியைக் கவ்வி எடுத்தார். குச்சியின் தலையைக் கடித்துத் தூவென்று துப்பினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பீடி குடிக்க நினைக்கிறவன் மருந்தைக் கடித்துத் துப்புவானா?

தலையில்லாத அந்தக் குச்சியோடு காலை இழுத்து இழுத்து டிவி பக்கம் போனார். தரையில் உட்கார்ந்து, விளையாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஓரத்தில் இருந்த ஒரு குட்டித் துளைக்குள் குச்சியைச் செருக முயன்றார். இடதுகையிலிருந்து குச்சி நழுவியது. நான் எடுத்துச் செருகினேன். உள்ளே ஒரு பொத்தான் அமுங்கியது தெரிந்தது. அவர் கம்பெனி டிஸ்க்கையும் நகலையும் மாற்றி மாற்றிச் சுட்டிக்காட்டினார், அப்புறம்தான் எல்லாம் விளங்கியது.

மூடியைச் சாத்தும்போது அதிலுள்ள முனை அந்தப் பொத்தானை அமுக்குகிறது. பெட்டி, மூடி சாத்தியிருக்கிறது என்று அறிவது அதை வைத்துத்தான். மூடியைத் திறந்தால் பொத்தான் எழும்பிவிடும், டிஸ்க்கை முதலிலிருந்து மறுபடி சோதிக்கும். தீக்குச்சி பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டால், வாயைப் பிளந்துகொண்டிருக்கிற பெட்டி மூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். முதலில் கம்பெனி டிஸ்க்கைப் போட்டுச் சோதனைக்குக் காட்ட வேண்டும். நெளிவைப் பார்த்துப் பெட்டி திருப்திப்பட்டதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துவிட்டு நகலை வைத்துவிட வேண்டும். செக்போஸ்டில் காகிதம் காட்டிய வண்டியை அப்புறம் யார் நிறுத்தப்போகிறார்கள்? பிறகு வந்த பெட்டிகளில் இது எடுபடாதாம். எங்களுடையது பழசு. அந்தக் கம்பெனி டிஸ்க்கை நினைத்தால் பாவமாக இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிற உறவுக்காரரைப் போல, விளையாட யாரும் அதை அழைத்ததேயில்லை.

"இதுக்காக்கும் நீங்க தீக்குச்சி கேட்டீங்க?" என்றேன்.

"அதாக்கும்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சொல். அவ்வளவு அலுப்பும் அவ்வளவு அன்பும் அந்த ஒரே சொல்லில் இருந்தன. நான் அவருடைய வலதுகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆனால் மாற்றுவது லேசான காரியம் இல்லை. டிஸ்க் முதலில் கிர்ரென்று வேகமாகச் சுழலும். சோதனை முடிந்ததும் ஒரு நொடி சத்தம் இறங்கும். அந்த இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். முந்தினால் பெட்டி கண்டுபிடித்துவிடும், பிந்தினால் நின்றுவிடும். சத்தம் இறங்குகிற இடம் அவருடைய காதுக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாம் மிக்ஸி சத்தம் மாதிரியே கேட்டது.

அவர் சமயம் பார்த்து இடதுகை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் டிஸ்க்கைப் பார்த்தால் விரலைப் பார்க்க முடியவில்லை, விரலைப் பார்த்தால் டிஸ்க்கில் கை பிசகியது. ஒருமுறை சுழன்ற டிஸ்க் என் விரலைச் சுட்டுவிட்டு எகிறி, அலமாரியில் போய் மோதியது. அவர் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. டீச்சரு காப்பியடிக்கப் படிக்குதில்லியா" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி போட்டோம். விரல் பயன்படாது என்று இருவருக்கும் தெரிந்துபோனது. அவர் என் தோளுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான் டிஸ்க்கின் மேல் கையை வைத்தபடி குனிந்திருந்தேன். காதுக்கு அருகில் அவருடைய மூச்சு கேட்டது. டிஸ்க் கிர்ரென்று ஏறியது. அவர் அந்த நீளமான சொல்லைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சத்தம் இறங்கி ஏறிவிட்டது. மறுபடி போட்டோம். அவருக்குக் கோபம் வந்தது, தொண்டையில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை போட்டோம். டிஸ்க் சுழன்றது.

"இப்ப."

நான் எடுத்தேன், வைத்தேன். திரை இருண்டது. பிறகு வண்ண வண்ணமாகக் கார்கள் வரிசையில் வந்து நின்றன. "பாத்தீங்களா, ஆச்சு" என்று திரும்பினேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. தன் வாயை இடதுகையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்கள் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றன. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், விளக்கேற்றியதும், தீப்பெட்டி நேராக டிவி பக்கம் வந்துவிடும். விளையாட்டுப் பிடியை மடியில் வைத்து, வலதுகைக் கட்டைவிரலை நான் பொத்தான் மேல் தூக்கி வைப்பேன். முதலில் அவருடைய கார் சுவரில் முட்டியே நின்றது. பிறகு ஊர்ந்தது. இப்போது வளைவில் ஒருமாதிரி திரும்புகிறது. பயறு பொறுக்க மறுத்த விரல் இதற்கு மறுக்கவில்லை. பயிற்சிக்கு வரும் பெண் பார்த்துவிட்டு, களிமண்ணைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

போன வாரம் காட்டாக்கடையிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி பார்க்க வந்தார். கடை நடத்திய காலத்தில் அவரோடு சேர்ந்து சிப் பற்றவைத்தவர், இப்போது போன் ரிப்பேர் செய்கிறார், அண்ணி முறையில் என்னை மைனி என்பார். நான் தீக்குச்சியைச் செருகி, குனிந்து, டிஸ்க்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்கு மைனி இந்தப் பாடு? எனக்க கையில பழைய சிப்பு ஒண்ணு உண்டு. நாளைக்கு வாறேன், அர மணிக்கூறு வேல. பின்ன டிஸ்க்க இட்டா மதி, அதுபாட்டுக்கு ஓடும். யாரும் ஒண்ணும் சொல்லாண்டாம்."

"வேண்டாம்" என்றேன்.

"காசு ஒண்ணும் வேண்டாம் மைனி."

"அதுக்கில்ல. அத்தான் தந்த பெட்டிய எதுக்குக் கீறணும்?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்துவிட்டுச் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், சத்தம் இறங்கும் இடம் இப்போது எனக்கே நன்றாகத் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் காது பிடித்துவிடும். அவர் சொல்லாமலே மாற்றிவிடலாம். ஆனால் நான் மாற்றுவதில்லை. டிஸ்க்குக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காத்திருப்பேன். அவர் சொன்ன பிறகுதான் எடுப்பேன். நேற்று அவர் சொல்லியும் வேண்டுமென்றே எடுக்கவில்லை. சத்தம் இறங்கி, ஏறி, பெட்டி நின்றுபோனது. பின்னால் அவர் எரிச்சலோடு தரையைத் தட்டுவது கேட்டது. மறுபடி கம்பெனி டிஸ்க்கை வைத்துப் பவர் பொத்தானை அமுக்கினேன். கிர்ரென்று ஏறியது. கையை நீட்டாமல் இருந்தேன்.

"எட்டி," என்றார், "இப்ப."